முழங்கால் பேட் வாங்கும் முன் பழைய கால்சட்டையை எடுத்துப் பாருங்கள்

ஒரு டைல்ஸ் மேஸ்திரியின் பழைய வேலைக் கால்சட்டையைக் கையில் கொடுத்தால் போதும், அவர் எப்படி முட்டி போடுகிறார் என்று சொல்லிவிடுவேன். துணி தேய்ந்த இடம் முழங்கால் சில்லுக்கு நேராக இருந்தால், அவர் முன்னால் குனிந்து ஒரு கையை ஊன்றி வேலை செய்கிறவர். சில்லுக்கு மூன்று விரற்கடை கீழே, கணைக்கால் எலும்பு புடைத்து நிற்கும் இடத்தில் தேய்ந்திருந்தால், குதிகால்மேல் பின்னால் அமர்ந்து வேலை செய்கிறவர். என் கால்சட்டையில் இடது கால் ஒரு மாதிரி, வலது கால் வேறு மாதிரி. நானும் டைல்ஸ் ஒட்டுகிறவன்தான். வலது கையால் பசை பரப்பும் பல் கரணையை வீசி இழுக்கும்போது உடம்பு மொத்தமும் இடது முழங்காலில் போய் இறங்குகிறது.

இதைக் கவனிக்க எனக்கு 14 ஆண்டுகள் ஆயின. நானாகக் கவனிக்கவும் இல்லை, ஒரு மருத்துவர்தான் கவனிக்க வைத்தார்.

ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடது முழங்கால்மேல் பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு வீக்கம். தொட்டால் உள்ளே தண்ணீர்ப் பை போல அசைந்தது. மருத்துவர் அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "நீங்கள் எப்படி முட்டி போடுவீர்கள் என்று செய்து காட்டுங்கள்" என்றார். அவருடைய அறையின் நடுவில், இல்லாத கரணையைப் பிடித்துக்கொண்டு, இல்லாத பசையை இழுத்துக் காட்டினேன். முழங்கால் சில்லுக்கு முன்னால் தோலுக்கடியில் ஒரு சிறு பை இருக்கிறதாம். தோல் எலும்பின்மேல் வழுக்கிப் போவதற்காக இயற்கை வைத்த பை. ஓயாமல் அழுத்தினால் அதில் நீர் கோத்துக்கொள்ளும். ஆங்கில மருத்துவத்தில் இதற்கு 'வேலைக்காரப் பெண்ணின் முழங்கால்' என்று பழைய பெயர், குனிந்து தரை துடைக்கிறவர்களுக்கு வந்ததால். நிமிர்ந்து முட்டி போடுகிறவர்களுக்குச் சில்லுக்குக் கீழே இருக்கும் வேறொரு பை வீங்கும். அதற்குப் பெயர் 'பாதிரியார் முழங்கால்'. "உங்கள் இடது கால் வேலைக்காரப் பெண். வலது கால் பாதிரியார். இரண்டுக்கும் ஒரே மாதிரி பேட் போட்டால் எப்படி?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் இத்தனை ஆண்டுகளில் பேட் விற்ற ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி அது.

இப்போது இந்தத் தொழிலில் 22 ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் நான்கு விதமான பேட்களைப் போட்டுத் தேய்த்துவிட்டேன். ஒவ்வொன்றைப் பற்றியும் சொல்கிறேன். குறை சொல்லும்போது பெயர் சொல்லப் போவதில்லை. அந்தக் குறைகள் அந்த வகைக்கே உரியவை.

முதல் ஜோடி வெறும் பஞ்சுப் பேட். வளைந்த கறுப்பு ஃபோம், பின்னால் ஒரே ஒரு எலாஸ்டிக் பட்டை. வாங்கிய அன்று மெத்தைபோல இருந்தது. அந்த மென்மைதான் ஏமாற்று. கட்டை விரலால் அழுத்தினால் அடிவரை இறங்கும் ஃபோம், உங்கள் உடல் எடை ஏறியதும் இல்லாமலே போய்விடும். மூன்றே மாதத்தில் என் பேட்டின் நடுப்பகுதி விரல் தடிமனிலிருந்து செருப்பின் உள்தாள் அளவுக்கு அமுங்கிவிட்டது. ஓரம் மட்டும் பழைய உயரத்திலேயே நின்றது. அதாவது முழங்கால் ஒரு குழிக்குள் உட்கார்ந்து நேராகத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பேட் போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கை மட்டும் மிச்சம்.

அதைவிடப் பெரிய கெடுதல் வேறு. அந்த ஃபோம் தண்ணீர் குடித்தது. ஈரச் சிமென்ட் சாதாரணப் பொருள் அல்ல, அதன் பி.எச். அளவு 12, 13 வரை போகும் கடுங்காரம். கலவை சிந்திய இடத்தில் முட்டி போட்டால் ஃபோம் அதை உறிஞ்சி, கால்சட்டை வழியாகத் தோலோடு ஒட்ட வைத்துக்கொள்ளும். நெருப்புச் சுட்டால் உடனே தெரியும். சிமென்ட் சுடுவது அப்படி அல்ல, சில மணி நேரம் கழித்துத்தான் எரிய ஆரம்பிக்கும். ஒரு மாலை பேட்டைக் கழற்றியபோது இரண்டு முழங்காலும் சிவந்து, ஒன்றில் தோல் ஊறிப் பிய்ந்து வந்தது. அன்றிலிருந்து எந்த பேட்டைப் பார்த்தாலும் முதலில் வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்க்கிறேன். குமிழி குமிழியாகக் காற்று வந்து, எடுத்ததும் கனத்தால் அது ஸ்பாஞ்ச், வேண்டாம். தண்ணீர் மேலேயே உருண்டு வழிந்துவிட்டால் மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோம், ஈ.வி.ஏ. என்கிற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக் போன்றது. அது ஈரத்தை உள்ளே விடாது. வாங்குவதற்கு முன் வாளி கிடைக்காது என்றால், வெட்டிய ஓரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தாலும் ஓரளவு தெரிந்துவிடும்.

இரண்டாவது ஜோடி அதற்கு நேர் எதிர்: வெளியே கடினமான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே ஜெல், இரண்டு அகலப் பட்டைகள். போட்டதும் போர்வீரன் மாதிரி இருந்தது. கல், ஆணி, உடைந்த டைல்ஸ் சில்லு எதுவும் உறைக்காது. பழைய தரையை உடைத்து எடுக்கும் நாட்களுக்கு இன்றும் அதற்கு ஈடு கிடையாது. கரடுமுரடான சிமென்ட் தளத்தில் முட்டியாலேயே சறுக்கி நகரலாம்.

ஒட்டும் வேலைக்கு வந்தபோதுதான் குணம் தெரிந்தது. அந்த ஓடு உருண்டையாக இருந்தது. உருண்டையின்மேல் நின்றால் உடம்பு நிமிடத்துக்கு நூறு முறை தன்னைத்தானே சரிசெய்துகொண்டே இருக்கும். மாலையில் முழங்கால் வலிக்காது, தொடை வலிக்கும். ஏன் என்று புரியாமல் இரண்டு மாதம் தொடைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தட்டையான முகம் கொண்ட பேட்டில் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு நாள் வினைல் தரை, அதாவது பிளாஸ்டிக் பலகைகளைப் பதிக்கும் வேலை. பாதி அறை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், நான் வந்த வழியெல்லாம் பிறை பிறையாகக் கீறல்கள். பேட்டைத் திருப்பிப் பார்த்தால் ஓட்டின் பள்ளத்தில் ஒரு மணல் பருக்கை மாட்டியிருந்தது. கடுகளவுகூட இல்லை. ஒவ்வொரு முறை நான் திரும்பும்போதும் அது ஒரு பிறை வரைந்திருக்கிறது. பதினொரு பலகைகளைப் பிரித்து மாற்றிக் கொடுத்தேன், என் செலவில். வினைல், மரத்தரை, பளபளப்பான மார்பிள் என்றால் கடின ஓடு கூடவே கூடாது. கறை விடாத ரப்பர் முகமோ தோல் முகமோதான் வேண்டும். அதையும் அறைக்குள் நுழையுமுன் ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

ஜெல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியின்மேல் ஜெல் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் பாதி பேட்களில் ஃபோமுக்கு மேலே ஒட்டிய மெல்லிய ஜெல் தகடுதான் இருக்கும். எடை ஏறியதும் ஜெல் அழுத்தம் உள்ள இடத்திலிருந்து ஓரத்துக்கு நகரும். சுமக்க வேண்டியது கீழே உள்ள ஃபோம்தான். ஆகவே ஜெல் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், ஃபோம் எவ்வளவு அடர்த்தி என்று கேளுங்கள்.

பட்டைகள். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பேட்டை வேண்டாம் என்று கழற்றி எறிகிறவர்களில் பெரும்பாலோர் பட்டையால்தான் எறிகிறார்கள். என் இரண்டாவது ஜோடியின் கீழ்ப் பட்டை முழங்காலுக்குச் சற்றுக் கீழே சுற்றி வந்தது. நழுவக் கூடாதென்று இறுக்கிக் கட்டுவேன். ஒரு வாரத்தில் வலது பாதத்தின் மேற்புறம் மரத்துப்போக ஆரம்பித்தது. காலணி இறுக்கம் என்று நினைத்து நாடாவைத் தளர்த்தினேன், பயனில்லை. பிறகுதான் தெரிந்தது: முழங்காலுக்குக் கீழே, வெளிப்புறத்தில், விரலால் தடவினால் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அந்த முண்டைச் சுற்றித் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. பட்டை அதன்மேல் அழுத்தினால் பாதம் மரக்கும். நீண்ட நாள் அழுத்தினால் பாதத்தைத் தூக்கி வைக்கவே முடியாமல் போகலாம். பட்டை ஒன்று கெண்டைக்கால் சதையின் நடுவில் அமர வேண்டும், அல்லது முழங்காலுக்கு மேல் தொடையில். முழங்கால் மடிப்பிலும் அந்த முண்டின்மேலும் எதுவும் அமரக் கூடாது. அகலப் பட்டை, இழுவை உள்ள பட்டை நல்லது. நிற்கும்போது சரியாக இருக்கும் பட்டை, முட்டி போட்டதும் கெண்டைக்கால் புடைப்பதால் இறுகும். ஆகவே முட்டி போட்ட நிலையில் அளவு பாருங்கள்.

வெல்க்ரோ எனக்குப் பிடிக்காது. கார்ப்பெட் நூலும் சிமென்ட் தூசியும் அதன் கொக்கிகளில் போய் அடைத்துக்கொள்ளும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வாரம் ஒரு முறை கிளறி எடுக்க வேண்டும். கொக்கி மாட்டும் ரப்பர் பட்டை இருந்தால் அதையே எடுப்பேன்.

மூன்றாவது, கால்சட்டைப் பையில் செருகும் தகடு. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பட்டை கிடையாது, மரப்பு கிடையாது, நடக்கலாம், ஏணி ஏறலாம். ஒரு நாளில் பத்து முறை முட்டி போட்டு எழும் குழாய் வேலைக்காரருக்கும் மின் வேலைக்காரருக்கும் இதைவிட நல்லது இல்லை. எங்களுக்குப் போதாது. முட்டி போட்டதும் துணி மேலே ஏறும், தகடும் கூடவே தொடைப் பக்கம் ஏறிவிடும். சில்லு பாதி வெளியே நிற்கும். பையின் உயரத்தை இரண்டு மூன்று நிலைகளில் மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அதிலும் கால்சட்டை தொளதொளவென்று இருந்தால் வீண்.

நான்காவதுதான் இப்போது போட்டிருப்பது. ஆறு ஆண்டுகளாக இதே அமைப்புதான். முழங்காலிலிருந்து கணைக்கால் வழியாகக் கீழே வரை நீளும் ஒரு தொட்டி, உள்ளே கழற்றி மாற்றக்கூடிய மெத்தை, பின்னால் ரப்பர் பட்டைகள். இந்த வகையில் அமெரிக்காவின் புரோநீயும் நெதர்லாந்தின் ஃபென்டோவும் பெயர் பெற்றவை. புரோநீயில் காலை அளந்து அந்த அளவுக்கே செய்து கொடுக்கும் மாதிரியும் உண்டு. என்னுடையது இரண்டும் அல்ல, அதே அமைப்பில் வந்த வேறொன்று.

இதில் என்ன வேறுபாடு என்றால், எடை சில்லில் நிற்பதில்லை. கணைக்கால் நெடுக இறங்கிப் பரவிவிடுகிறது. மெத்தையில் சில்லுக்கு நேராக ஒரு பள்ளம் விட்டிருக்கிறார்கள். சில்லு அந்தப் பள்ளத்தில் கிட்டத்தட்ட மிதக்கிறது. என் வேலைக்காரப் பெண்ணுக்கும் பாதிரியாருக்கும் ஒரே பேட்டில் இடம் கிடைத்தது இதில்தான். இன்னொரு நன்மையை நான் எதிர்பார்க்கவே இல்லை. சாதாரண பேட் முழங்காலை மட்டும் உயர்த்தும். அதனால் பாதம் அந்தரத்தில் தொங்கி, கால்விரல்களை மடக்கி ஊன்ற வேண்டியிருக்கும். பெருவிரல் மூட்டு வலி இந்தத் தொழிலில் பலருக்கு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இதில் கால் முழுவதும் ஒரே உயரத்தில் படுத்திருக்கிறது. விரல்களுக்கு வேலை இல்லை.

குறைகள் உண்டு. கனம். வெயில் நாளில் உள்ளே கால் வேகும். மதியத்துக்குள் மெத்தை நனைந்துவிடும், மாற்று மெத்தை ஒரு ஜோடி கையோடு வைத்திருக்க வேண்டும். எழுந்து நடந்தால் பென்குயின் நடை. படியில் இறங்கவே கூடாது, கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஒரு முறை சோம்பல்பட்டு அப்படியே இறங்கி, பேட்டின் கீழ் விளிம்பு படியில் தட்டி, நான்கு படி உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தேன். கழிப்பறை மூலை போன்ற குறுகலான இடத்தில் இதைப் போட்டுக்கொண்டு திரும்ப முடியாது. அங்கே ஒரு தடித்த ஃபோம் பாயைத் தரையில் போட்டு அதன்மேல் முட்டி போடுவேன். டைல்ஸ் இடுக்கில் நிரப்பும் கிரவுட்டைத் துடைக்கும்போதும் அதே பாய்தான். விலையும் பஞ்சுப் பேட்டைப் போலப் பல மடங்கு. ஆனால் நான் வருடத்துக்கு நான்கு பஞ்சுப் பேட் மாற்றிக்கொண்டிருந்தவன்.

பெட்டியின்மேல் இருக்கும் எழுத்துகளில் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: ஈ.என். 14404. முட்டி போட்டு வேலை செய்கிறவர்களுக்கான பேட்களுக்கு 2004இல் வந்த ஐரோப்பியத் தரம் இது. இதில் வகை என்றும் நிலை என்றும் இரண்டு எண்கள் இருக்கும். வகை 1 என்றால் காலில் கட்டுவது, வகை 2 கால்சட்டைப் பைத் தகடு, வகை 3 தரையில் போடும் பாய் போன்றது, வகை 4 வேறு கருவிகளோடு சேர்ந்த அமைப்பு. நிலைதான் முக்கியம். நிலை 0 என்றால் கூர்மையான எதுவும் குத்தாமல் தடுக்கும் பொறுப்பு அதற்கு இல்லை, சமதளத்துக்கு மட்டும். நிலை 1 குறைந்தது 100 நியூட்டன் விசைக்குக் குத்துத் தாங்க வேண்டும், ஏறக்குறைய 10 கிலோ எடை ஓர் ஆணிமேல் நின்றது போல. நிலை 2 என்றால் 250 நியூட்டன். தரை ஒட்டுகிறவருக்கு நிலை 1 போதும். உடைப்பு வேலையும் செய்கிறவர் 2 வாங்கலாம், ஆனால் அது விறைப்பாக இருக்கும். இந்தத் தரம் எதுவும் இல்லாத பேட் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் டைல்ஸுக்கு நடுவே இடைவெளிக்காக வைக்கும் ஒரு ஸ்பேசரைத் தரையில் போட்டு அதன்மேல் பேட்டோடு முட்டி போட்டுப் பார்க்காமல் அதை வாங்க மாட்டேன்.

வாங்குமுன் இன்னொன்று. பத்து நிமிடம் முட்டி போட்டுப் பாருங்கள், கடிகாரம் வைத்து. இரண்டு நிமிடத்தில் எல்லா பேட்டும் நன்றாகத்தான் இருக்கும். ஏழாவது, எட்டாவது நிமிடத்தில்தான் பட்டை கடிப்பதும் ஓரம் உறுத்துவதும் தெரியும். வேடிக்கை பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். பார்க்கிறவர் முழங்காலா அது?

பேட் செய்யாததையும் சொல்லிவிட வேண்டும். அது அழுத்தத்தைத் தடுக்கும், மடக்கத்தைத் தடுக்காது. மூட்டு முழுக்க மடங்கிக் கிடப்பதால் உள்ளே குருத்தெலும்புக்கு வரும் தேய்மானம், எவ்வளவு நல்ல பேட் போட்டாலும் வரும். ஜெர்மனியில் முட்டி போடும் வேலையால் வரும் மூட்டுத் தேய்மானத்தைத் தொழில் நோயாக 2009இல் பட்டியலில் சேர்த்தார்கள். வாழ்நாளில் மொத்தம் 13,000 மணி நேரம், ஒரு நாளில் குறைந்தது ஒரு மணி நேரம் முட்டி போட்டிருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. படித்ததும் தாளை எடுத்து நானும் கணக்குப் போட்டேன். நாளுக்கு நான்கு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,200 மணி நேரம். பதினோராம் ஆண்டிலேயே எல்லையைத் தாண்டிவிட்டேன். 22 ஆண்டில் இரண்டு முறை. அதன் பிறகு அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நிற்கிறேன். டைல்ஸ் வெட்டுவது, பசை கலப்பது, அளப்பது எல்லாவற்றையும் நின்றபடி செய்யும்படி மாற்றிக்கொண்டேன். முன்பு இவற்றையும் தரையிலேயே உட்கார்ந்து செய்தேன், எதற்கு என்று இப்போது கேட்டால் பதில் இல்லை.

கார்ப்பெட் விரிக்கிறவர்களுக்கு வேறு தலைவலி. கார்ப்பெட்டை இழுத்து மாட்ட முழங்காலால் உதைக்கும் கருவி இருக்கிறதே, அது அடிப்பது சில்லுக்குச் சற்று மேலே. தரையில் ஊன்றுவதற்கான பேட் அங்கே இருப்பதே இல்லை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நியோஷ் 1990இலேயே இதற்கென்று தனி எச்சரிக்கை வெளியிட்டு, உதைப்பானுக்குப் பதிலாக நெம்புகோல் இழுப்பானைப் பயன்படுத்தச் சொன்னது. பேட் வாங்கும் பணத்தை அதில் போடுவது மேல்.

என்னோடு வேலை செய்யும் தம்பிக்கு வயது 23. பேட் போடுவதில்லை. "அண்ணா, எனக்கு வலிக்கவில்லையே" என்பான். எனக்கும் அந்த வயதில் வலிக்கவில்லை என்று சொன்னால் காதில் ஏறாது. ஆகவே போன மாதம் அவனுடைய கால்சட்டையை வாங்கி விரித்துப் பார்த்தேன். இரண்டு காலிலும் ஓட்டை சில்லுக்கு நேராக. சுத்தமான வேலைக்காரப் பெண். ஆள் ஒல்லி, ஓடியாடி வேலை செய்கிறவன், நடுநடுவே எழுந்து மூட்டை தூக்குகிறவன். என்னுடைய நீளத் தொட்டி அவனுக்கு ஒத்து வராது, முதல் நாளே கழற்றி எறிவான். தட்டையான ரப்பர் முகம், அடர்த்தியான மூடிய ஃபோம், கெண்டைக்காலில் ஒன்றும் தொடையில் ஒன்றுமாக இரண்டு கொக்கிப் பட்டை உள்ள குட்டை பேட்டாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். மூன்று வாரமாகப் போடுகிறான். கால்சட்டை கிழிவதில்லை என்பதற்காகப் போடுகிறேன் என்கிறான். இருக்கட்டும்.

வீக்கம் வந்தவர்களுக்கு ஒன்று: வெறும் வீக்கமாக இல்லாமல் சிவந்து, சூடாக இருந்து, காய்ச்சலும் வந்தால் உள்ளே கிருமி புகுந்திருக்கலாம். பேட் மாற்றிப் பயனில்லை, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஊசியால் நீங்களே குத்தி நீரை எடுக்காதீர்கள். எடுத்தவரை எனக்குத் தெரியும்.

இன்று வேலை இல்லை. மெத்தைகளைக் கழுவி நிழலில் காயப் போட்டிருக்கிறேன். வலது மெத்தை காய்ந்ததும் பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது. இடது மெத்தையில் சில்லுக்கு நேரான பள்ளத்தின் அடி மட்டும் இன்னும் நிமிரவில்லை, ஒரு விரல் நுனி அளவுக்கு அமுங்கியே கிடக்கிறது. மாற்று மெத்தையை ஜோடியாகத்தான் விற்கிறார்கள். எனக்கு எப்போதும் இடதுதான் முதலில் போகிறது, தேயாத வலது மெத்தைகள் மூன்று வீட்டில் சேர்ந்துவிட்டன.